சேவையகப் பாதுகாப்பும் ஊடுருவற் சோதனையும்

கோட்டையைக் கட்டியவன் அதன் வலிமையைப் புகழ்தல் இயல்பு. அவ்வலிமையை உள்ளவாறு அறிந்தவனோ அதனை முற்றுகையிட்டவனேயாவான். கல்லாலும் மண்ணாலும் எழுப்பிய அரணுக்கு மட்டுமன்றி, இன்று மனித வாழ்வின் பெரும்பகுதியைத் தன்னகத்தே அடக்கி நிற்கும் கணினிச் சேவையகத்துக்கும் இவ்வுண்மை பொருந்துவதாகும். வங்கிக் கணக்கு, மருத்துவமனைக் குறிப்பு, பரீட்சைப் பெறுபேறு, ஆளடையாள விவரம் ஆகிய யாவும் ஏட்டிலிருந்து சேவையகத்துக்குச் சென்றுவிட்டன. ஏடு பூட்டிய பெட்டியில் இருந்த காலத்தில் அதனைக் கவர விரும்பியவன் அப்பெட்டி இருந்த ஊருக்காவது வரவேண்டியிருந்தது. இன்றோ உலகின் எம்மூலையிலிருந்தும் அவன் கைநீட்டலாம். இந்நிலையிற் காவலின் உறுதியை அறிவதற்கு எழுந்த முறைகளுள் ஒன்றே ஊடுருவற் சோதனை. அதன் இயல்பு, வரலாறு, பயன், எல்லை என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண், சேவையகம் என்பது யாதெனக் காண்போம். பிற கணினிகள் கேட்பனவற்றைக் கொடுத்துதவும் பொருட்டு இரவு பகலாக விழித்திருக்கும் கணினியே சேவையகம். அதற்கு இலக்கமிட்ட பல வாயில்கள் உள்ளன. வலையமைப்பின் விதிப்படி 0 முதல் 65,535 வரை அவ்விலக்கங்கள் அமையும். இணையப் பக்கத்தை மறைகுறியாக்கி அனுப்புதற்கு 443 ஆம் வாயிலும், மின்னஞ்சல் ஒரு சேவையகத்திலிருந்து இன்னொன்றுக்குச் செல்லுதற்கு 25 ஆம் வாயிலும், நிருவாகி தொலைவிலிருந்து உட்புகுந்து பணிபுரிதற்கு 22 ஆம் வாயிலும் வழக்கமாகப் பயன்படுகின்றன. வாயில்கள் அனைத்தையும் அடைத்துவிட்டாற் பாதுகாப்புக் கிடைத்துவிடும் என ஒருவர் கூறலாம். வாயிலே இல்லாத வீடு பாதுகாப்பானதுதான். ஆனால் அதிற் குடியிருத்தல் இயலாது. சேவை செய்யவே பிறந்த கணினி சிலருக்காவது கதவைத் திறந்தே ஆகவேண்டும். ஆகவே சேவையகப் பாதுகாப்பு என்பது, எவ்வாயில், எவருக்கு, எதன்பொருட்டுத் திறந்துள்ளது என்பதை ஐயமின்றி அறிந்திருத்தலேயாகும். அவ்வறிவு உண்மையானதா, வெறும் நம்பிக்கையா என்பதைப் பிரித்துக் காட்டுவதே ஊடுருவற் சோதனையின் தொழில்.

உடையவரின் எழுத்து மூலமான அனுமதியைப் பெற்று, தீயோர் கையாளும் வழிகளையே கையாண்டு, அவருடைய சேவையகத்திற் புக முயன்று, கண்ட குறைகளை அவருக்கே சான்றுடன் அறிவித்தல் ஊடுருவற் சோதனை எனப்படும். இவ்விலக்கணத்தில் அனுமதி, முயற்சி, அறிவிப்பு என்னும் மூன்று உறுப்புகள் உள. முயற்சி ஒன்றில் மட்டும் சோதனையாளனும் கள்வனும் ஒத்திருப்பர்; ஏனைய இரண்டிலும் அவர்கள் முற்றும் வேறாவர். இவ்விரண்டும் நீங்கிய முயற்சி எத்துணைத் திறமை வாய்ந்ததாயினும் குற்றமே என்பதை இளைஞர் மனங்கொள்ளல் வேண்டும்.

உடைத்துப் பார்த்து உறுதியை அறிதல் என்னும் இக்கருத்துக் கணினியுடன் பிறந்ததன்று. 1851 ஆம் ஆண்டில் இலண்டனில் நடந்த பெருங் கண்காட்சிக்கு அமெரிக்காவிலிருந்து ஏ. சி. ஹொப்ஸ் என்னும் பூட்டுத் தொழில் வல்லுநர் வந்திருந்தார். எவராலுந் திறக்கவியலாதெனப் பெயர் பெற்ற இருவகைப் பூட்டுகள் அக்காலத்தில் அங்கே இருந்தன. ஒன்று சப் என்பாரின் பூட்டு. அதனைத் திருட்டுத்தனமாகத் திறக்க முயன்றால் அது இறுகி, அம்முயற்சியை உடையவனுக்குக் காட்டிக்கொடுக்கும். ஹொப்ஸ் அதனைச் சாட்சிகளின் முன்னிலையில் ஏறத்தாழ 25 நிமிடத்திலே திறந்துவிட்டார். மற்றையது பிராமா என்பாரின் பூட்டு. அதனைத் திறப்பவருக்கு 200 கினி பரிசளிக்கப்படும் என்ற அறிவிப்புடன் அது பல்லாண்டுகளாகக் கடையின் சாளரத்தில் வைக்கப்பட்டிருந்தது. பதினாறு நாட்களில் மொத்தம் 51 மணி நேரம் உழைத்து அதனையும் அவர் திறந்தார். வியத்தற்குரியது அவர்தம் கைத்திறன் மட்டுமன்று. அவர் வருமுன்னரும் அப்பூட்டுகளின் குறை அவற்றினுள்ளேயே இருந்தது. இல்லாதிருந்தது அக்குறையைப் பற்றிய அறிவே.

அந்நிகழ்ச்சியையொட்டி ஒரு வாதம் எழுந்தது. பூட்டின் குறையை வெளிப்படையாகப் பேசுவது கள்வருக்கு வழிகாட்டுவதாகாதோ எனச் சிலர் அஞ்சினர். கள்வர் தம் தொழிலில் முன்னரே தேர்ந்தவர். நாம் கற்பிக்கக் கூடியதிலும் மிகுதியாக அவர் அறிவர். மறைப்பதனாற் கெடுபவர் பூட்டை நம்பி வாங்கும் நல்லோரேயாவர் என ஹொப்ஸின் பக்கத்தார் விடையிறுத்தனர். நூற்றாண்டு கடந்த பின்னும், கணினித் துறையில் இதே வாதம் இதே சொற்களாற் பேசப்பட்டதனை வரலாறு காட்டும்.

அவ்வரலாற்றின் ஆரம்பக் கட்டத்தில் நிற்பது மல்ரிக்ஸ் என்னும் இயக்க முறைமை. அமெரிக்காவில் மசாசூசெற்ஸ் தொழினுட்பக் கழகம், பெல் ஆய்வுகூடம், ஜெனரல் எலெக்ற்றிக் நிறுவனம் ஆகிய மூன்றும் இணைந்து 1960களின் நடுப்பகுதியில் அதனை உருவாக்கத் தொடங்கின. ஒரே கணினியைப் பலர் ஒருங்கே பயன்படுத்துதற்கும், ஒருவர் கோப்பை மற்றவர் காணாதவாறு காத்தற்கும் ஏற்றதாக அது திட்டமிடப்பட்டது. பாதுகாப்பை இறுதியில் ஒட்டுப் போடாமல் தொடக்கத்திலேயே கருத்திற்கொண்டமை அதன் சிறப்பு. அத்தகைய முறைமையை அமெரிக்க விமானப் படையைச் சேர்ந்த போல் காகர், றொஜர் ஷெல் என்னும் இருவர் சோதித்து, 1974 ஜூனில் அறிக்கையாக வெளியிட்டனர். மென்பொருளிலும் வன்பொருளிலும் அவர்கள் குறைகளைக் கண்டனர். சிறு முயற்சியாலேயே காவலைக் கடந்தனர். இயந்திரத்தின் காவலை இடையறாது தட்டிப் பார்க்கும் ஒரு செய்நிரலை எழுதி, ஏறத்தாழ 1,100 மணி நேரம் இயங்கவிட்டு, வன்பொருளில் ஒளிந்திருந்த ஒரு பிழையையும் வெளிக்கொணர்ந்தனர். திறமைமிக்க பொறியியலாளர் பலர் அமைத்த காவலில் அவர்தம் கண்ணிற் படாதவை, உடைக்கும் நோக்குடன் பார்த்த இருவர் கண்ணிற் பட்டன.

அவ்விருவரும் மல்ரிக்ஸ் பயனற்றதென்று கூறினாரல்லர். ஏனையவற்றினும் அது சிறந்தது. எனினும் அன்றிருந்த நிலையிற் போதியதன்று. அதனை அடிப்படையாகக் கொண்டு உறுதியான முறைமையை ஆக்கலாம் என்பதே அவர்தம் முடிபு. அதன் பின்னர்ப் பல திருத்தங்கள் செய்யப்பட்டன. 1985 ஆம் ஆண்டில் அமெரிக்க அரசின் கணினிப் பாதுகாப்பு நிலையம் மல்ரிக்ஸுக்குப் ‘பி-2’ என்னும் உயர்ந்த தரச்சான்றினை வழங்கிற்று. சோதனையின் பயன் உடைத்தலில் அன்று, உடைந்த இடம் கண்டு உறுதியாக்கலிலேயே உளது என்பதற்கு இதனினுஞ் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இச்சோதனை படைத்துறையின் எல்லையைக் கடந்து பொது நிருவாகிகளின் கைக்கு வந்தது 1990களில் என்னலாம். 1993 இல் டான் பாமர், வீற்சா வெனெமா என்னும் இருவர், ஒருவர் தம்முடைய கணினி நிலையத்தைத் தாமே உடைத்துப் பார்ப்பதன் மூலம் அதன் பாதுகாப்பைப் பெருக்கலாம் என்னுங் கருத்தமைந்த கட்டுரை ஒன்றை வெளியிட்டனர். இதன் தொடர்ச்சியாக, வலையமைப்பிலுள்ள குறைகளைத் தேடித்தரும் செய்நிரலொன்றை 1995 ஏப்பிரலில் இலவசமாக வழங்கினர். அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள் ‘சாத்தான்’ என அமைந்தன. அப்பெயரை விரும்பாதோர் எழுத்துகளை இடம் மாற்றிச் ‘சான்ரா’ எனக் கொள்ளுதற்கும் ஒரு சிறு வழி செய்யப்பட்டிருந்தது. இக்கருவி தீயோர் கையிற் சேருமே எனப் பத்திரிகைகள் பெரிதும் அஞ்சின. தீயோர் கையில் அத்தகையவை முன்னரே இருந்தன என்பதும், அவை இல்லாதிருந்தது நல்லோர் கையிலேயே என்பதும் 1851 இன் வாதத்தை அறிந்தோர்க்குப் புதியனவல்ல.

இனி, இச்சோதனை நிகழும் முறையைச் சுருக்கமாக நோக்குவோம். முதலில் உடையவரும் சோதனையாளரும் எழுத்து மூலம் உடன்படுவர். எச்சேவையகங்கள் சோதனைக்குரியன, எவை தீண்டத்தகாதன, எந்நாளில் எந்நேரத்திற் செய்வது, இடையிற் சேவை தடைப்படின் யாரை அழைப்பது என்பன அதில் அடங்கும். இரண்டாவதாக, வெளியே கிடைக்குந் தகவல்களைத் திரட்டுவர். மூன்றாவதாக, எவ்வாயில்கள் திறந்துள்ளன, அவற்றின் பின்னே எம்மென்பொருள் எப்பதிப்பில் இயங்குகின்றது என்பதை அறிவர். நான்காவதாக, அப்பதிப்புகளுக்குரிய குறைகளையும், அமைப்பில் நேர்ந்த கவனக்குறைவுகளையும் ஆராய்வர். ஐந்தாவதாக, அவற்றுள் ஒன்றைப் பற்றிக்கொண்டு உட்புக முயல்வர். புகுந்த பின் எவ்வளவு தூரம் செல்லலாம், சாதாரணப் பயனரின் நிலையிலிருந்து நிருவாகியின் அதிகாரத்தைப் பெறலாமா எனக் காண்பர். இறுதியில் அறிக்கை எழுதப்படும். குறைகள் திருத்தப்பட்ட பின் மீண்டும் ஒருமுறை சோதித்தல் சிறந்த முறையாகும். உடையவர் ஒன்றுஞ் சொல்லாமல் அந்நியரைப் போல் முயலச் செய்வதும், சிறிது சொல்வதும், உள்ளமைப்பு முழுவதையும் காட்டிவிட்டு முயலச் செய்வதும் என இது மூவகைப்படும்.

உதாரணமாக, ஒரு நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் உறுப்பினர் தம் பெயரைப் பதியும் இடம் ஒன்றிருப்பதாகக் கொள்வோம். சேவையகம் அப்பெயரைத் தரவுத்தளத்துக்குச் செல்லும் கட்டளையின் நடுவே பொருத்தி அனுப்புகின்றது. ஒருவன் பெயருக்குப் பதிலாக ஒரு கட்டளைத் துண்டையே அங்கு எழுதிவிட்டால், எழுதியது பெயரா கட்டளையா எனப் பிரித்தறியாத தரவுத்தளம் அதற்கும் பணிந்துவிடும். கடிதத்தைப் படித்துக் காட்டுமாறு ஏவப்பட்ட எழுதுவினைஞன், கடிதத்தினுள் ‘பெட்டியைத் திற’ என்றிருப்பதைக் கண்டு பெட்டியைத் திறந்துவிடுவதை இஃது ஒக்கும். செய்நிரலை எழுதியவர் பெயரை எழுதுவோரையே மனத்திற்கொண்டு சோதித்தார். ஆதலின் அவருக்கு எல்லாஞ் சரியாகவே தோன்றிற்று. பெயரல்லாததை எழுதுவோனை மனத்திற்கொள்வதற்கு வேறொரு நோக்கு வேண்டும். வினாத்தாளை ஆக்கிய ஆசிரியர் தாமே அதனைப் பத்துமுறை படித்தாலும் காணாத மயக்கத்தைப் பரீட்சை மண்டபத்தில் இருக்கும் மாணவன் முதல் நிமிடத்திலே காண்கிறான் அன்றோ? அவ்வாறே இதுவும் என்க.

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டை வற்புறுத்தல் வேண்டும். அறியப்பட்ட குறைகளின் பட்டியலொன்றை வைத்துக்கொண்டு இயந்திரமே சேவையகங்களைத் தேடிப் பார்க்கும் முறையும் உண்டு. அது வேண்டியதே, ஆயினும் அது ஊடுருவற் சோதனையாகாது. 2017 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஈக்குவிபக்ஸ் நிறுவனத்துக்கு நேர்ந்த கேடு இவ்வேறுபாட்டை விளக்கும். கடன் பெறுவோரின் விவரங்களைத் தொகுத்து வைத்திருப்பது அந்நிறுவனத்தின் தொழில். அப்பாச்சி ஸ்ரற்ஸ் என்னும் மென்பொருளிற் கண்டறியப்பட்ட பெருங் குறையும் அதற்குரிய திருத்தமும் அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் வெளியாயின. திருத்துமாறு நிறுவனத்தினுள்ளே அறிவித்தல் அனுப்பப்பட்டது. தேடுங் கருவியும் இயக்கப்பட்டது. கருவி குறையைக் காணவில்லை. காணாததை இல்லாததெனக் கொண்டனர். மே மாதத்தில் அக்குறை வழியே, வாடிக்கையாளர் முறைப்பாடு செய்யும் இணையவாயிலுக்குட் பகைவர் புகுந்தனர். அங்கே மறைகுறியாக்கப்படாது கிடந்த பயனர் பெயர்களும் கடவுச்சொற்களும் அவர்கள் கைக்கு வந்தன. அவற்றைக் கொண்டு அவ்வாயிலோடு தொடர்பில்லாத பல தரவுத்தளங்களுக்குஞ் சென்றனர். போக்குவரத்தைக் கண்காணித்தற்குரிய கருவியின் சான்றிதழோ காலாவதியாகியிருந்தது. அது புதுப்பிக்கப்பட்ட பின்னரே, ஜூலை இறுதியிற் களவு வெளிப்பட்டது. ஏறத்தாழ 14 கோடியே 70 இலட்சம் மக்களின் விவரங்கள் கவரப்பட்டிருந்தன.

இக்கேட்டினை ஊடுருவற் சோதனை நிச்சயமாகத் தடுத்திருக்கும் எனக் கூறல் நேர்மையாகாது. ஆனால், அக்கேட்டின் அமைப்பைக் கூர்ந்து நோக்குக. திருத்தப்படாத மென்பொருள் ஒன்று. திறந்து கிடந்த கடவுச்சொல் ஒன்று. அறைக்கு அறை தடுப்பில்லாத வலையமைப்பு ஒன்று. உறங்கிய கண்காணிப்பு ஒன்று. தனித்தனியே பார்ப்பின் ஒவ்வொன்றும் ‘பின்னர்ப் பார்க்கலாம்’ என ஒதுக்கத்தக்க சிறு குறை போலத் தோன்றலாம். தொடுத்துப் பார்த்தாலே அவை பெருவழியாகின்றன. பட்டியலைப் பார்க்கும் இயந்திரம் குறைகளை எண்ணும். உட்புக முயலும் மனிதனோ குறைகளைத் தொடுப்பான். கள்வனும் அதனையே செய்கிறான். ஆகவே தொடுத்துக் காட்டுதலே ஊடுருவற் சோதனையின் தனிச்சிறப்பு எனலாம்.

நம் நாட்டிலும் இவ்வகை இழப்பு நேராமலில்லை. 2023 ஆகஸ்டில் இலங்கை அரசாங்கத்தின் மின்னஞ்சற் சேவை கப்பங் கோரும் மென்பொருளாற் தாக்கப்பட்டது. அவ்வாண்டு மே 17 தொடக்கம் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீட்கவியலாதவாறு அழிந்தன; அக்காலத்துக்குரிய காப்புப் பிரதி இருக்கவில்லை. காவலைச் சோதிப்பதோடு, காவல் தவறிய பின் மீள முடியுமா என்பதையும் சோதித்தல் வேண்டும் என்னும் பாடத்தை இந்நிகழ்ச்சி நமக்குப் புகட்டிற்று. பிரதி எடுக்கப்படுகின்றது என்னும் நம்பிக்கை வேறு. எடுத்த பிரதியிலிருந்து ஒருமுறையேனும் மீட்டுப் பார்த்த அறிவு வேறு.

இச்சோதனைக்கு எல்லைகளும் உண்டு. சோதனை குறை இருப்பதைக் காட்டவல்லது. குறையே இல்லை என்பதை அதனால் நிறுவ இயலாது. சோதனையாளருக்குச் சில நாட்களே கிடைக்கும். பகைவனுக்கோ ஆண்டு முழுவதுங் கிடைக்கும். இன்று சோதித்த சேவையகத்தில் நாளை புதிய மென்பொருள் ஏற்றப்படின் நேற்றைய முடிபு பழையதாகிவிடும். இதனாலேயே கடனட்டை விவரங்களைக் கையாளும் நிறுவனங்களுக்கான சர்வதேச விதிகள், ஆண்டுக்கொரு முறையும், குறிப்பிடத்தக்க மாற்றம் செய்யும் போதெல்லாமும் இச்சோதனையை வேண்டுகின்றன. இன்னுமோர் எல்லை சோதனையில் அன்று, சோதிக்கப்படுவோர் உள்ளத்தில் உளது. குறை சொல்லாதவரைத் தேடி அமர்த்துவோரும், நற்சான்று பெறுதலையே நோக்கமாகக் கொள்வோரும், அறிக்கையை வாங்கி இழுப்பறையில் வைத்துப் பூட்டுவோரும் உளர். வள்ளுவர் அரண் என்னும் அதிகாரத்தில் அரணின் சிறப்புகளையெல்லாம் அடுக்கிச் சொல்லி, இறுதிக் குறளில், செயற்றிறம் இல்லாதாரிடத்து அவையனைத்தும் இருந்தும் பயனில்லை என முடித்தமை ஈண்டு நினைவுகூரத்தக்கது. திருத்தப்படாத அறிக்கை, குறையை அறியாதிருந்த காலத்தினும் கேடானது. ஏனெனில் அறியாமை என்னும் காரணமும் அப்போது இல்லாமற் போகின்றது.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை கூறல் வேண்டும். 2019 செப்டெம்பரில் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில், மாநில நீதித்துறை நிருவாகத்தினால் அமர்த்தப்பட்ட சோதனையாளர் இருவர் நீதிமன்றக் கட்டடமொன்றின் காவலைச் சோதிக்க இரவில் உட்புகுந்தனர். கட்டடமோ மாவட்டத்துக்குரியது, மாநிலம் அளித்த அனுமதி செல்லாது என மாவட்ட அதிகாரிகள் அவர்களைச் சிறைப்படுத்தினர். வழக்கு 2020 ஜனவரியிலேயே கைவிடப்பட்டது. அனுமதி இருந்தாற் போதாது. அதனை வழங்க உரிமையுள்ளவர் வழங்கியதாகவும், எல்லை தெளிவாக வரையப்பட்டதாகவும் அது இருத்தல் வேண்டும் என்பதை இதனால் அறிகின்றோம். இலங்கையில் 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் அனுமதியின்றிக் கணினியிற் புகுதலைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியுள்ளது. ‘நான் எதையும் எடுக்கவில்லை, பார்க்கவே சென்றேன்’ என்பது அயலார் வீட்டினுள் நின்று சொல்லத்தக்க விடையன்று. இக்கலையிற் பற்றுள்ள மாணாக்கர் தமக்கெனவே ஒரு பழைய கணினியைச் சேவையகமாக அமைத்து, அதனை உடைத்தும் திருத்தியும் பழகுதல் நன்று. உடைத்தலைக் கற்போர் பலர். திருத்தலையுங் கற்றோரே வேண்டப்படுவோர்.

இதுகாறுங் கூறியவற்றால் ஒன்று பெறப்படும். சேவையகத்துட் காக்கப்படுவது இயந்திரமன்று. தம் விவரங்களை நம்பிக் கொடுத்த மக்களின் வாழ்வு. பரீட்சைக்கு விண்ணப்பித்த பிள்ளையும், மருந்துக்கு வந்த முதியவரும் அச்சேவையகத்தின் காவலைப் பார்த்துத் தெரிந்தெடுத்தவரல்லர். பார்க்கும் வாய்ப்பும் அவர்க்கில்லை. ஆகையால் அவர் சார்பில் அதனைப் பார்க்கும் கடமை அதனை வைத்திருப்போருடையது. பரீட்சை இன்றியே மாணவன் சித்தியடைந்தான் என எந்த ஆசிரியரும் கையொப்பமிடார். சோதித்துப் பாராமலே சேவையகம் பாதுகாப்பானது எனக் கையொப்பமிடுவதும் அத்தகையதே. குறையைக் கண்டு சொல்பவனைப் பகைவனென வெறுக்காது, பகைவன் வருமுன் வந்த நண்பனென ஏற்கும் மனப்பான்மை எந்நிறுவனத்தில் நிலைபெறுகின்றதோ, அந்நிறுவனத்திலேயே உண்மையான பாதுகாப்பும் நிலைபெறும்.